ஜிஐஏ சான்றிதழ்: மோதிர வைரத்தின் விலை எந்த வரியில் இருக்கிறது?

வைரத்துக்குத் தரச்சான்று தரும் ஆய்வகங்களில் உலகெங்கும் அதிகம் நம்பப்படுவது அமெரிக்காவின் ஜிஐஏ (ஜெமலாஜிக்கல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா). 1931இல் தொடங்கிய நிறுவனம் அது. டி (நிறமே இல்லாதது) முதல் இஸட் (வெளிர் மஞ்சள்) வரையிலான நிற வரிசை அவர்கள் வகுத்ததுதான். அவர்கள் கல் விற்பதில்லை; சான்றிதழில் விலையும் எழுதுவதில்லை. அதனால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. ஆனால் காரட் (எடை), கலர் (நிறம்), கிளாரிட்டி (குறைகள் இல்லாத தூய்மை) என்ற மூன்று வரிகளோடு படிப்பதை நிறுத்திவிட்டால், அந்த மதிப்பில் பாதிகூட வாங்குபவருக்குக் கிடைக்காது.

முதலில் பார்க்க வேண்டியது கட், அதாவது கல் தீட்டப்பட்ட விதம். வைரம் மின்னுவதும் மங்குவதும் பட்டை தீட்டிய கோணத்தால்தான். மேலிருந்து நுழையும் ஒளி, அடிப்பகுதிப் பட்டைகளில் பட்டுத் திரும்பி மேலேயே வெளியேற வேண்டும். அடிப்பகுதி மிகத் தட்டையாக இருந்தால், கல்லின் விளிம்பே உள்ளே பிரதிபலித்து மீன் கண் போல வெளிறிய வளையம் தெரியும். மிக ஆழமாக இருந்தால் நடுப்பகுதி ஆணித்தலை போல இருண்டு கிடக்கும்.

ஜிஐஏ வட்ட வைரத்தின் கட்டுக்கு ஐந்து தரங்கள் தருகிறது. மேல்தரம் எக்ஸலென்ட். இந்தச் சான்றிதழின் பெரிய குறை இங்கேதான்: எக்ஸலென்ட் என்ற வரம்பு மிக அகலம். அதற்குள் அற்புதமான கல்லும் இருக்கும், சுமாரான கல்லும் இருக்கும். எனவே தரத்தோடு நிற்காமல் சான்றிதழில் உள்ள அளவுப் படத்தில் எண்களைப் பாருங்கள். கல்லின் அகலத்தில் டேபிள் (உச்சியில் உள்ள பெரிய தட்டைப் பட்டை) 54 முதல் 58 சதவீதம், மொத்த ஆழம் 60 முதல் 62.5 சதவீதம், மேல்கோணம் 34 முதல் 35 டிகிரி, அடிக்கோணம் 40.6 முதல் 41 டிகிரி. இந்த எல்லைக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் ஏமாற்றாது. மேல்கோணம் கூடினால் அடிக்கோணம் குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்து கூடிய கல்லில், உதாரணமாக 35.5 டிகிரியும் 41.2 டிகிரியும் சேரும்போது, டேபிளுக்கு அடியில் ஒளி பின்பக்கமாக ஒழுகிவிடும்.

ஓவல் (முட்டை வடிவம்), பேர் (பேரிக்காய் வடிவம்), மார்க்கீஸ் (இரு முனையும் கூரிய வடிவம்) போன்றவற்றுக்கு ஜிஐஏ கட் தரமே தருவதில்லை. அந்தத் தாள்களில் எக்ஸலென்ட் என்று இருப்பது பாலிஷுக்கும் (மேற்பரப்பின் வழவழப்பு) சிமெட்ரிக்கும் (பட்டைகளின் சீர்மை) மட்டும். அதைக் கட் தரம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். இந்த வடிவங்களில் கல்லின் குறுக்கே கழுத்தில் கட்டும் ‘போ’ டை போன்ற கறுப்பு நிழல் விழும். அது எவ்வளவு அடர்த்தி என்பதைத் தாள் சொல்லாது. கல்லை அசைத்து அசைத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எடைக்கு வருவோம். 1 காரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். நன்றாகத் தீட்டிய 1 காரட் வட்டக்கல் சுமார் 6.4 முதல் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதே எடையில் 6.2 மட்டும் இருந்தால், எடை அடிவயிற்றிலோ தடித்த விளிம்பிலோ ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எடைக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று பொருள். விளிம்பு மிக மெலிந்திருந்தாலும் ஆபத்து. மோதிரம் எதிலாவது இடித்தால் அங்கேதான் சில்லு தெறிக்கும். சராசரி விட்டத்தை அதனாலேயே பெருக்கி, உயரத்தாலும் 0.0061ஆலும் பெருக்கினால் வட்டக்கல்லின் எடை ஏறக்குறைய வந்துவிடும்: 6.45 × 6.45 × 3.98 × 0.0061 = 1.01. ஏற்கெனவே மோதிரத்தில் பதித்த கல்லைச் சரிபார்க்க இந்தக் கணக்கு போதும்.

விலை ஏன் தாவுகிறது என்பதும் எடையோடு சேர்ந்த விஷயம். வர்த்தகர்கள் அடிப்படையாக வைக்கும் ராப்பாபோர்ட் பட்டியல், காரட் ஒன்றுக்கான விலையை எடை வரம்புகளாகப் பிரிக்கிறது. 0.90 முதல் 0.99 வரை ஒரு வரம்பு, 1.00இலிருந்து அடுத்தது. அந்தக் கோட்டைத் தாண்டியதும் கல்லின் மொத்த எடைக்கும் கூடிய விலைதான். 0.95 காரட் கல்லுக்கும் 1.00 காரட்டுக்கும் அகலத்தில் உள்ள வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். விரலில் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு கற்களை ஒப்பிடும்போது விலையை எடையால் வகுத்துக் காரட் விலையை எடுங்கள். பல கற்கள் பதித்த மோதிரத்தில் ‘மொத்தம் 1 காரட்’ என்றால் நடுக்கல்லின் எடையைத் தனியாகக் கேளுங்கள். இரண்டு அரைக் காரட் கற்களின் விலை, அதே தரத்தில் ஒரு முழுக் காரட் கல்லின் விலையைவிட நன்றாகவே குறைவு.

கிளாரிட்டியில் பலர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். தரம் போடுவது 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து. வட்டக்கல்லில் விஎஸ்2 (மிகச் சிறிய குறைகள் உள்ள தரம்; விஎஸ்1 அதைவிட ஒரு படி மேல்) பெரும்பாலும் வெறும் கண்ணுக்குச் சுத்தம். அதற்கு ஒரு படி கீழான எஸ்ஐ1 நல்லதாகக் கிடைத்தாலும் போதும். எமரால்ட் கட் என்ற செவ்வக வடிவத்தில் நீளப் பட்டைகள் ஜன்னல் போல உள்ளே காட்டிவிடும் என்பதால் விஎஸ்1 பாதுகாப்பு. குறை எங்கே இருக்கிறது என்பது தரத்தைவிட முக்கியம். டேபிளுக்கு நடுவே கரும்புள்ளி இருந்தால் வேண்டாம். ஓரத்தில் இருந்தால் மோதிரத்தின் நகப்பிடி மறைத்துவிடும். ஆனால் ஓரத்தில் மேற்பரப்பைத் தொடும் விரிசல் இருந்தால் கல் பதிக்கும்போதே உடையலாம். சான்றிதழின் குறிப்புப் பகுதியில், கிளாரிட்டி தரமே படத்தில் காட்டப்படாத மேகங்களை (நுண்புள்ளிகளின் கூட்டம்) வைத்துத்தான் தரப்பட்டது என்ற வரி இருந்தால் எச்சரிக்கை. அந்தக் கல் பால் கலந்தது போல மங்கலாக இருக்க வாய்ப்பு உண்டு. கூடுதல் மேகங்கள் காட்டப்படவில்லை என்று மட்டும் இருந்தால் கவலை இல்லை. ‘டோசியே’ என்ற சிறிய வகைச் சான்றிதழில் குறைகளின் வரைபடமே கிடையாது. அதோடு வரும் கல்லை லென்ஸில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நிறத்தை ஜிஐஏ கல்லைக் கவிழ்த்து வைத்துத் தீர்மானிக்கிறது. நிமிர்த்திப் பதித்தால் ஜி, ஹெச் இரண்டும் வெள்ளையாகவே தெரியும். மஞ்சள் தங்கத்தில் கே வரைகூட இறங்கலாம். ஃப்ளோரசன்ஸ் (புற ஊதா ஒளியில் கல் ஒளிர்வது) என்ற வரியில் ஸ்ட்ராங் என்று இருந்தால் விலை குறைய வேண்டும், குறிப்பாக டி, ஈ, எஃப் நிறங்களில். கல்லை வெயிலில் பாருங்கள். மங்கவில்லை என்றால் அது நல்ல பேரம். கடையின் ஸ்பாட்லைட்டில் எல்லாக் கல்லும் மின்னும். நிழலிலும் சாதாரண அறை வெளிச்சத்திலும் பார்த்த பிறகு பேசுங்கள்.

வேறு ஆய்வகத்தின் ஜி நிறத்தை ஜிஐஏவின் ஜி நிறத்தோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஒரே கல் ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒன்றிரண்டு படி மாறும். ‘மலிவு’ என்று தோன்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான், ஆனால் விலை மிகக் குறைவு. அதை இயற்கை வைரத்திலிருந்து கடைகளில் உள்ள சாதாரண பேனா டெஸ்டரால் பிரித்தறிய முடியாது. வெப்பத்தை மட்டும் அளக்கும் டெஸ்டர், வைரம் போலத் தோன்றும் வேறு கல்லான மொய்சனைட்டைக்கூட வைரம் என்றே காட்டும். இயற்கையா, வளர்த்ததா என்பது சான்றிதழிலும் பில்லிலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் சான்றிதழ் எண்ணை ஜிஐஏ தளத்தில் தட்டிப் பாருங்கள். விளிம்பில் லேசரால் எண் பொறித்த கல் என்றால் அதையும் லென்ஸில் படித்து ஒப்பிடுங்கள். கல்லைப் பதித்த பிறகும் அந்த எண் நகப்பிடிக்குள் மறையாமல் தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சான்றிதழின் தேதி பல வருடங்களுக்கு முந்தையது என்றால் கல்லைக் கழற்றி மறுபடி எடை போடச் சொல்லுங்கள். 1.02 என்று எழுதியிருப்பது 1.00ஆக நின்றால், இடையில் சில்லு போயிருக்கலாம் அல்லது மறுபடி தீட்டியிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் பழைய தாளின் கிளாரிட்டியையும் அளவுகளையும் வைத்து விலை பேசக் கூடாது.