ஆசிட் ஃப்ரீ வீல் கிளீனர், 5 லிட்டர் கேன்: வாட்டர் வாஷ்காரன் ரிவ்யூ

கரூர் பக்கம் வாட்டர் வாஷ் வைத்திருக்கிறேன். வீலுக்கு இப்போது நான் எடுப்பது ஒரு அல்கலைன் கிளீனர், அதாவது ஆசிடுக்கு எதிரான காரத்தன்மை உள்ளது. கெமிக்கல் கடையில் அவர்களே கலந்து கேனில் அடைத்துத் தருவது, பெயர் வேண்டாம். லேபிளில் கொட்டை எழுத்தில் 'ஆசிட் ஃப்ரீ, 100% சேஃப்' என்று போட்டிருக்கிறது. முதல் பாதி உண்மை.

வேலையில் குறை சொல்ல முடியாது. கம்பெனி பெயின்ட்டும் அதன் மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சும் உள்ள அலாய் வீலில் தண்ணீர் கலந்து அடித்து, ஸ்போக் இடுக்கில் பிரஷ் விட்டால் நுரை கறுப்பாக வழியும். கிரீஸ், ஆயில் பிசுக்கு, அதில் அப்பிய பிரேக் கரி எல்லாம் போய்விடும். ஆனால் பழைய வீலில் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளி இருக்கும் பாருங்கள், அது இதற்கு அசையாது. பிரேக் டிஸ்க் தேய்ந்து சூடாகப் பறக்கும் இரும்புத்தூள் கிளியர் கோட்டில் குத்தி, அங்கேயே துருப்பிடிப்பது அது. அதற்கு தயோகிளைகோலேட் கலந்த இரும்பு ரிமூவர்தான் வேண்டும். அடித்தால் ஊதா நிறமாக ஓடும். வாடை அழுகின முட்டை தோற்றது!

இனி 'சேஃப்' சமாச்சாரம். கடைக்காரரிடம் சேஃப்டி டேட்டா ஷீட், அதாவது உள்ளே என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் தாள், கேட்டேன். கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு வாட்ஸப்பில் அனுப்பினார். சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. கூடவே சோடியம் மெட்டாசிலிகேட் என்கிற இன்னொரு காரம், அழுக்கைப் பிரித்தெடுக்கும் சர்ஃபாக்டன்ட். பிஎச் (ஆசிடா காரமா என்று காட்டும் எண்; 7 நடு, மேலே போனால் காரம்) 13-க்கு மேல். சில ஆசிட் வீல் கிளீனரில் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கும், தோலில் பட்டால் சில சமயம் மணிக்கணக்கில் வலியே தெரியாமல் உள்ளே இறங்கிவிடும். அதோடு ஒப்பிட்டால் இது தேவலாம் என்பது சரிதான். அதற்காக 100% சேஃப் என்று அச்சடிப்பது அநியாயம்.

கடையில் வேலை செய்யும் தம்பி கிளவுஸ் போடாமல் தொட்டுவிட்டு, "அண்ணே, சோப்பு மாதிரி வழவழன்னு இருக்குண்ணே" என்றான். "அது உன் தோல் கொழுப்புதான்டா சோப்பா மாறுது, ஓடிப்போய்க் கழுவு" என்றேன். ஆசிட் புண் பெரும்பாலும் மேலே கருகி ஒரு பொருக்கு கட்டும். காரம் அப்படி நிற்காது, சதையைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். கண்ணில் பட்டால் இன்னும் மோசம். உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிஷம் கழுவிவிட்டு, கேன் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ விடாதீர்கள்.

'பத்து மடங்கு தண்ணீர் கலந்துட்டா ஒண்ணும் பண்ணாது சார்' என்பார்கள். பிஎச் கணக்கு அப்படிப் போகாது. பத்து மடங்காக நீர்த்தால் ஓர் எண்தான் இறங்கும், 13.4 இருந்தது 12.4 ஆகும். அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலம் ஏறக்குறைய பிஎச் 4-லிருந்து 8.5 வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் படலம் கரைந்து, அடியில் உள்ள உலோகத்தைக் காரம் தின்னும், ஹைட்ரஜன் குமிழி விடும். சந்தேகமா? பார்சல் கட்டுகிற அலுமினிய ஃபாயில் துண்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, திறந்த வெளியில், கண்ணாடியும் கிளவுஸும் மாட்டிக்கொண்டு நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். என் கேன் சரக்கில் கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் பொடிக்குமிழி கட்டி, பளபளப்பு செத்துவிட்டது. மெட்டாசிலிகேட் அரிப்பை ஓரளவு தடுக்கும், முழுசாக அல்ல.

அதனால் பாலிஷ் பண்ணின வெறும் அலுமினிய வீல், அனோடைஸ் பண்ணினது (ஆக்சைடு படலத்தை மின்சாரத்தால் தடிமனாக்கியது), கிளியர் கோட் உரிந்தது, பழைய புல்லட்டின் இன்ஜின் கவர் எதிலும் இதை விடமாட்டேன். அவற்றுக்கு சாதா ஷாம்பூதான். ஓடி வந்த சூட்டோடும் அடிக்கக்கூடாது. தண்ணீர் ஆவியாகி, காரம் கெட்டியாகி, வெள்ளைத் திட்டு விழும். வீல் கையால் தொட்டால் சுடாத அளவு ஆறினதும் ஒவ்வொன்றாக அடித்து, காயும் முன் கழுவிவிட வேண்டும். ஸ்ப்ரேயில் சாரல் மூக்குக்கு வருகிறது, நான் பிரஷ்ஷால்தான் தடவச் சொல்கிறேன்.

கேன் 850 ரூபாய், அந்த விலைக்கு லாபம்தான். 5-க்கு 3 ஸ்டார். லேபிளில் அந்த 'சேஃப்'பை எடுத்துவிட்டு, தமிழில் எச்சரிக்கை அச்சடித்தால் இன்னொன்று சேர்த்துத் தருகிறேன்.