டான்ஸ் மாஸ்டரா, கும்மிப் பாட்டியா?

சாத்தூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 47 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். என் மகள் அங்கே நான்காம் வகுப்பு. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஒட்டிப் பழகக் கலை வழியாக ஏதாவது செய்யலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் குழுவில் பேச்சு வந்தது. ஆண்டு விழா நடனமா, வாரா வாரம் கும்மியா? நான் கும்மிக்குக் கை தூக்கினேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நீதிபோதனை வகுப்பு போதாதா என்றும் ஒருவர் கேட்டார். அன்புடைமை அதிகாரத்தை ஒரே குரலில் ஒப்பித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் தெருத் தெருவாகப் பிரிந்து உட்கார்ந்த பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருந்தோம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆண்டு விழாவில் நல்லது இல்லாமல் இல்லை. மாஸ்டர் வந்தால் பத்து நாளில் மூன்று பாட்டு தயார். ஸ்பீக்கர் செட், சீரியல் லைட், தீப்பெட்டி ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வரும் அம்மாக்கள் என்று ஊரே கூடும். ஜூன் மாதச் சேர்க்கைக்கு அது உதவும் என்று தலைமையாசிரியர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்த வருஷம் மேடை ஏறியது 16 பேர். மீதி 31 பேர் கீழே பாயில். டிரஸ் வாடகை 350 ரூபாய். அதைக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை, "எனக்கு ஆட வராது டீச்சர்" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடும். 2022-23இல் அரசு தொடங்கிய கலைத் திருவிழாவை நான் குறை சொல்லமாட்டேன். இருந்தாலும் அது போட்டி. அங்கேயும் பொறுக்கித்தான் அனுப்ப முடியும்.

கும்மி சொல்லித்தர வந்தவர் ஒரு மாணவியின் பாட்டி. முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடித்தே வளர்ந்தவர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, வேப்பமரத்தடி. மைக் வேண்டாம், டிரஸ் வேண்டாம். வட்டம் என்பதால் முன்வரிசை, பின்வரிசையும் கிடையாது. பக்கத்தில் நிற்பவர் உள்ளங்கையில் தட்டும் அடி ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரம் சில பிள்ளைகள் பக்கத்துக் கையைத் தொடாமல் காற்றில் தட்டினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். "சத்தம் வரலையே தாயி" என்று மட்டும் பாட்டி சொல்வார். மூன்றாம் வாரம் சத்தம் வந்தது.

சிக்கலும் வந்தது. பாட்டுகள் எல்லாம் ஒரு தெருக் கோயில் அம்மனைப் பற்றியவை. "அது எங்க சாமி இல்லையே" என்று ஓர் அப்பா கேட்டார். நியாயம்தான். மெட்டை வைத்துக்கொண்டு சொற்களை மாற்றினோம். மழை, சோளக்காடு, சத்துணவு முட்டை என்று பிள்ளைகளே கட்டிய வரிகள். முட்டைப் பாட்டுக்குத்தான் கிராக்கி.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பார்க்க வேண்டியது பராமரிப்பு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் இருந்தால்தான் பகுதி நேரக் கலை ஆசிரியர். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். அந்த இரண்டு பேரே ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். ஆகவே வெளியாள் வந்து நடத்தினால்தான் ஓடும் என்கிற எதுவும் இங்கே நிலைக்காது. மாஸ்டர் சொல்லிக்கொடுத்த நடனம் மாஸ்டரோடே பஸ் ஏறிவிடும். அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து, மறுபடி வசூல். ஆர்வமுள்ள டீச்சர் ஒருவரை நம்பி இறங்கினாலோ, மாறுதல் கலந்தாய்வு வந்துவிடும். பாட்டிக்கும் முழங்கால் வலி. போன தைக்கு அப்புறம் மாதம் ஒருநாள்தான் வருகிறார். ஆனாலும் கும்மி நிற்கவில்லை. ஐந்தாம் வகுப்பு அடியெடுத்துக் கொடுக்கிறது, ஒன்றாம் வகுப்பு பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஐந்து போனால் நான்கு. பாட்டெல்லாம் ஒரு நோட்டில் ஏறி, பள்ளி பீரோவில் இருக்கிறது. இதுவரை ஆன செலவு அந்த நோட்டுதான்.

சரி, இரண்டு வருஷ அனுபவத்தை வைத்து ரொம்பவும் அடித்துப் பேச முடியாது. 200 பேர் படிக்கும் பள்ளியில் ஒரே வட்டம் போட முடியுமா, தெரியாது. சண்டை நின்றுவிட்டதா என்றால், இல்லை. சமாதானம் சீக்கிரம் ஆகிறது என்று எனக்குத் தோன்றுகிறது, அது என் ஆசையாகவும் இருக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் கும்மி பெண்பிள்ளை ஆட்டம் என்று இன்னமும் முறுக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒயிலாட்டம் சரிவரலாம், ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆண்டு விழாவையும் விட்டுவிடவில்லை. இந்த முறை மாஸ்டருக்கு ஒரு பாட்டு மட்டும்; டிரஸ் வாடகையைக் குழு கொடுக்கும் என்று தீர்மானம் போட்டாயிற்று. கும்மிக்கு மேடை போதாது, அதனால் கீழே தரையில், வழக்கமாகப் பாய் விரிக்கிற இடத்தில் வைத்திருக்கிறோம். பாயை எங்கே விரிப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.