மெஷின் ஸ்டாண்டுக்கு எந்த வீல்: நைலானா, ரப்பரா, பியூவா?

சின்னப் பட்டறையில் டிரில்லிங் மெஷின், டேபிள் சா (மேசையில் பிளேடு பொருத்திய மரம் அறுக்கும் மெஷின்) எல்லாவற்றுக்கும் நிரந்தர இடம் ஒதுக்க முடியாது. வீல் வைத்த ஸ்டாண்டுதான் வழி.

நைலான் விலை குறைவு. சுமை தாங்கும், எண்ணெய்க்கு அசராது, லேசாகத் தள்ளினாலே உருளும். ஆனால் சிமென்ட் தரையில் கடகடவென்று சத்தம். டைல்ஸில் பிரேக் போட்டாலும் வழுக்கும். ரப்பருக்குச் சத்தமில்லை, பிடிமானமும் நன்று. கனமான மெஷினை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தினால் மட்டும் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். எண்ணெய் சிந்தும் இடத்தில் சாதா ரப்பர் உப்பி இளகும். பியூ (பாலியூரித்தேன், ரப்பர் போன்ற கெட்டியான பிளாஸ்டிக்) இரண்டின் நல்லதையும் ஓரளவு சேர்த்துத் தரும். மரவேலைப் பட்டறைக்கு நான் தயங்காமல் சொல்வது அதைத்தான். லேத் பக்கம் என்றால் நைலான். இரும்புச் சீவல் பியூவில் குத்தி அப்படியே தங்கிவிடும்.

50 மி.மீ. வீல் வேண்டவே வேண்டாம். தரையில் கிடக்கும் ஒரு ஸ்க்ரூ போதும், ஸ்டாண்டு நின்றுவிடும். மேல்பாரம் உள்ள டிரில்லிங் மெஷின் கவிழவும் செய்யலாம். 100 மி.மீ. அதன்மேல் ஏறிப் போய்விடும். உயரம் கூடும் என்பதால் ஸ்டாண்டின் காலை முன்கூட்டியே குறைத்து வெட்டுங்கள்.

சுமைக் கணக்கில் நாலால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். மேடுபள்ளமான தரையில் ஒரு வீல் எப்போதும் அந்தரத்தில்தான் இருக்கும். மெஷினும் ஸ்டாண்டும் சேர்ந்து 150 கிலோ என்றால் வீல் ஒவ்வொன்றும் 50 கிலோவாவது தாங்க வேண்டும்.

இத்தனையையும்விட முக்கியம் பிரேக். மலிவான காஸ்டரில் (தட்டோடு வரும், திரும்பக்கூடிய வீல்) பிரேக் வீலை மட்டும்தான் பிடிக்கும். மேலே உள்ள தட்டுக்குக் கீழே வீல் தாங்கி திரும்பிக்கொண்டே இருப்பதால், பிரேக் போட்ட பிறகும் ஸ்டாண்டு இடவலமாக ஆடும். கையால் தள்ளிப் பார்த்தால் உடனே தெரியும். வீலையும் திருப்பத்தையும் சேர்த்துப் பூட்டும் டோட்டல் லாக் வகைக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. சுழலும் பிளேடுக்குப் பக்கத்தில் கை வைப்பவருக்கு அந்த ஆட்டம் ஆபத்து.

டேபிள் சா, பிளேனர் (மரம் இழைக்கும் மெஷின்) இரண்டுக்கும் டோட்டல் லாக்கும் போதாது. பலகையைத் தள்ளும் விசை முழுவதும் ஸ்டாண்டில் விழும். காலால் மிதித்தால் இறங்கி மெஷினைத் தூக்கும், மிதியை விடுவித்தால் மேலேறிக்கொள்ளும் வீல் செட்டை அங்கே போடுங்கள். வேலை நேரத்தில் மெஷின் தன் கால்களிலேயே தரையில் உட்கார்ந்திருக்கும்.