இடுப்பு மூட்டு மாற்றிய பின்: நடையா, சைக்கிளா, நீச்சலா?

சென்ற ஆண்டு எனது வலது இடுப்பு மூட்டு முழுமையாக மாற்றப்பட்டது. ஆறு வாரம் கழித்து வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தபோது, இனி அன்றாடம் எந்தப் பயிற்சியைச் செய்வது என்ற கேள்வி எழுந்தது. மூன்றையும் செய்து பார்த்து, நடையில் நிலைத்தேன்.

நீச்சலில் மூட்டின்மேல் உடல் எடை இறங்காது என்பது எல்லோரும் அறிந்ததே. தையல் காயம் முழுதாக ஆறிய பிறகே குளத்தில் இறங்கலாம். நான் போனது ஏழெட்டு முறைதான் என்பதால், அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

வீட்டில் வைத்து மிதிக்கும் சைக்கிள் விறைப்பை நன்றாகவே போக்கியது. இருக்கையை உயர்த்தி வைப்பது முக்கியம். குறிப்பாக, பின்பக்கமாகத் திறந்து அறுவை செய்யப்பட்டவர்கள் தொடக்க வாரங்களில் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கினால் மூட்டு நழுவக்கூடும்.

ஆனால் ஒரு மாதம் விடாமல் மிதித்த பிறகும் என் நடையில் சாய்வு போகவில்லை. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. மூட்டு தேய்ந்து வலித்த ஆண்டுகளில், அந்தக் காலில் எடை போடுவதையே தவிர்த்து அதை மெலிய விட்டிருந்தேன். சைக்கிளில் உடலை இருக்கை தாங்கிக்கொள்வதால் அந்தத் தசைக்கு வேலை மிகக் குறைவு. நடையிலோ அடிக்கு அடி அதற்கு வேலை உண்டு. கைத்தடியை அறுவை செய்த பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடித்தால் தசையின் சுமை குறையும் என்பதை இயன்முறை மருத்துவர் திருத்திச் சொல்லும் வரை நான் வலக் கையில்தான் பிடித்திருந்தேன். இடக் கைக்கு மாற்றியபின், தடியில் எவ்வளவு ஊன்றுகிறோம் என்பதைக் கொண்டே சுமையைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. இந்த வசதி மற்ற இரண்டிலும் எனக்குக் கிட்டவில்லை. கண்ணாடி முன் நடந்து, இடுப்பு இருபுறமும் சமமாக நிற்பதைக் கண்ட பிறகே தடியை விட்டேன்.

நடந்தால் செயற்கை மூட்டு தேய்ந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1962இல் இங்கிலாந்தில் பொருத்தத் தொடங்கிய மூட்டின் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு அந்தக் கவலை பொருந்தும். 1990களின் இறுதியில் வந்த குறுக்குப் பிணைப்புப் பிளாஸ்டிக் (மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டது) அதைவிட வெகுவாகக் குறைவாகவே தேய்கிறது. ஓடுவதை மட்டும் என் மருத்துவர் வேண்டாம் என்றார்.

நடையின் உண்மையான ஆபத்து விழுவதுதான். தொடையெலும்புக்குள் செருகப்பட்டிருக்கும் செயற்கை மூட்டின் தண்டைச் சுற்றி அந்த எலும்பு முறிந்தால் மீண்டும் பெரிய அறுவை தேவைப்படலாம். கல் பெயர்ந்த நடைபாதைகளை நம்பாமல் முதல் இரண்டு மாதம் மொட்டை மாடியிலேயே நடந்தேன். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

என் முழங்கால்கள் நன்றாக இருக்கின்றன. முழங்காலும் தேய்ந்தவர்களுக்குச் சைக்கிளே ஏற்றதாக இருக்கலாம். எனக்கு அது இப்போது மழை நாளுக்கு மட்டும்; மற்ற நாட்களில் விடியற்காலையில் பூங்காவில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன்.