வைடூரியம்னு சொல்லி குவார்ட்ஸைக் கட்டிக் கொடுக்கிறார்கள், 42,000 ரூபாய் போச்சு, உஷார்

களியக்காவிளை, செங்கோட்டை வழியாக எல்லை தாண்டிப் போய் ராசிக்கல் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கேரளாவுக்குள் மெயின் ரோட்டோரம் இருக்கிற ஒரு ராசிக்கல் கடையில், எங்கள் அத்தானிடம் 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, வைடூரியம் என்று வெறும் குவார்ட்ஸ் கேட்ஸ் ஐயைக் (பூனைக்கண் மாதிரி கோடு தெரியும் மலிவான படிகக்கல்) கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மோதிரத்தைப் பிரித்து நிறுத்துப் பார்த்தது நேற்றுதான். இன்னும் வயிறு எரிகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நல்ல வைடூரியம் கிடைப்பது உண்மை. அதை வைத்தே ஆரம்பித்தார் கடைக்காரர். "நெய்யாற்றின்கரை பக்கம் தோண்டின கல்லு சாரே." டியூப்லைட்டை அணைத்து டார்ச் அடித்தார், கல்லின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியது. அடுத்து ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கல்லின் விளிம்பை வைத்து ஒரே இழுப்பு, கீறல் விழுந்தது. "கண்ணாடியையே வெட்டுது, இதுக்கு மேல என்ன வேணும்?" அத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தது அந்தக் கீறலைப் பார்த்துத்தான்.

அந்தக் கீறலுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கண்ணாடி ஏறக்குறைய 5.5. குவார்ட்ஸ் 7, வைடூரியமாகிற கிரைசோபெரில் 8.5. ரெண்டுமே கண்ணாடியைக் கீறும். டார்ச்சில் தெரியும் கோடும் அப்படியே. உள்ளே இழைகள் ஒரே திசையில் இருந்தால் எந்தக் கல்லிலும் கோடு வரும். குவார்ட்ஸில் அது பெரும்பாலும் அகலமாக, ஓரம் மங்கி இருக்கும். நல்ல கிரைசோபெரிலில் கம்பி மாதிரி மெலிசாக நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் கோட்டின் ஒரு பக்கம் தேன் நிறம், மறுபக்கம் பால் நிறம். கடைக்காரர் டார்ச்சை நேர் மேலேயே பிடித்திருந்தார், பக்கவாட்டில் கொண்டுபோகவே இல்லை.

குவார்ட்ஸை வைத்து ஏமாற்ற முடியாதது கனம். அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதுதான் அடர்த்தி எண்: கிரைசோபெரில் 3.73, குவார்ட்ஸ் 2.65. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அளவை பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கல்லைக் கட்டி, முழுசாக முங்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுத்தால் அடர்த்தி எண் வரும். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தராசு கூடுதலாகக் காட்டும், நல்ல கல்லும் குறைவாகத் தெரியும். அதனால் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, குமிழியைத் தட்டிவிடுங்கள். அத்தானின் கல் 7 கேரட், அதாவது 1.40 கிராம். தண்ணீரில் காட்டியது 0.53. கணக்கு 2.64. வைடூரியமாக இருந்தால் 0.37, 0.38தான் காட்டியிருக்கும்.

இந்தச் சோதனைக்கு மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றியாக வேண்டும். கல் விரலில் படவேண்டும் என்றுதான் ராசி மோதிரத்தில் அடியைத் திறந்து கட்டுவார்கள். இதில் தகடு வைத்து மூடியிருந்தது. ஏன் என்று இப்போது புரிகிறது.

திருப்பிக் கேட்டால் முதலில் "முதலாளி ஊரில இல்ல". அடுத்து "உடம்பு சூட்டில கல்லோட கனம் குறையும்" என்கிறார்கள். பச்சைப் பொய், கனிமத்தின் அடர்த்தி விரலில் போட்டு மாறாது. பிறகு "பிரிச்ச மோதிரத்தை எடுக்க மாட்டோம்". கடைசியில் "சீட்டில கேட்ஸ் ஐன்னுதான போட்டிருக்கு, வைடூரியம்னு எங்க இருக்கு?" வேறு எந்தப் பெயரும் சேர்க்காமல் கேட்ஸ் ஐ என்று மட்டும் எழுதினால் கிரைசோபெரில் என்றுதான் பொருள், இது ரத்தினத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். தெரிந்தேதான் பேசுகிறார்கள். 42,000 ரூபாய்க்கு ஜிஎஸ்டி பில் கிடையாது, கையால் எழுதிய துண்டுச் சீட்டு. அந்தக் கல்லுக்கு ஆயிரம் ரூபாய்கூடத் தேறாது.

எதை எதைப் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான்: கட்டாத கல்லாக வாங்குங்கள். பில்லிலும் லேப் சர்டிபிகேட்டிலும் 'கிரைசோபெரில்' என்ற வார்த்தையும், 1.75-ஐ ஒட்டிய ஒளிவிலகல் எண்ணும் (கல்லுக்குள் வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்ற அளவு) இருக்கிறதா பாருங்கள், 1.54 என்றால் குவார்ட்ஸ். பக்கவாட்டில் 10 மடங்கு லென்ஸில் தேன்கூடு கட்டம் தெரிந்தால் அது கண்ணாடி இழையால் செய்த போலி. அதற்குக் கனச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், சில கண்ணாடி நல்ல கனமாகவே இருக்கும். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். கடை கேரளாவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அந்தத் துண்டுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.