காசு போட்டால் ஓடும் ட்ரையரும் அதன் கடிகாரமும்

நியூ ஜெர்சியின் எடிசன் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு சுயசேவைச் சலவையகத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. துவைக்கும் எந்திரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: சுத்தமாக இருக்கின்றன, விலையும் அக்கம்பக்கத்தில் உள்ளதுதான். ட்ரையர்களைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. துவைப்பதற்கு முழுச் சுற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். ட்ரையரில் நாம் வாங்குவது நிமிடங்களை. 25 சென்ட் நாணயம் ஒன்றுக்கு 6 நிமிடம் என்று ஒவ்வோர் எந்திரத்தின் மேலும் ஒட்டியிருக்கிறார்கள்.

இந்த நிமிடங்கள் கடைக்காரர் விருப்பப்படி நீளவோ குறையவோ கூடாது. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஆண்டுதோறும் வெளியிடும் 44ஆம் எண் கையேட்டில், காசுக்கு நேரம் அளந்து தரும் கருவிகளுக்கென 5.55 என்ற தனிப் பகுதியே உண்டு. வாகன நிறுத்துமிட மீட்டர், கார் கழுவும் நிலையம், துணி உலர்த்தும் எந்திரம் ஆகியவை அதில் அடங்கும். கையேடு தானாகச் சட்டமாகிவிடாது. மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளும்போதுதான் அதற்குச் சட்ட வலு கிடைக்கிறது. ட்ரையர் போன்ற கருவி ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஓடினால், வாடிக்கையாளருக்குக் குறையக்கூடிய நேரம் 5 விநாடிக்குள் இருக்க வேண்டும். கூடுதலாகத் தருவதென்றால் நிமிடத்துக்கு 6 விநாடி வரை போகலாம். அதாவது, 6 நிமிடத்தில் 36 விநாடி வரை கடைக்காரர் இழக்கலாம், நாம் 5 விநாடிக்கு மேல் இழக்கக் கூடாது. தராசில் கொசுறு போடுவதை விதியாகவே எழுதிவைத்தது போன்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை வைத்துப் பார்த்தேன். ஒரு நாணயத்துக்கு 5 நிமிடம் 58 விநாடி ஓடியது. மூன்று நாணயங்களைச் சேர்த்துப் போட்டபோது 18 நிமிடத்தைத் தாண்டிச் சில விநாடிகள் கூடுதலாகவே ஓடியது. கடிகாரத்தில் குற்றம் சொல்ல இடமில்லை, விலைப்பட்டியலும் விதி கேட்கிறபடி கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த 6 நிமிடமும் சூடான காற்று வருவதில்லை. கடைசி இரண்டு நிமிடம் டிரம் மட்டும் சுற்றுகிறது. உள்ளே கைவிட்டால் வெறும் காற்றுதான். துணி சூட்டோடு குவிந்து கிடந்து சுருங்காமலும் தீப்பற்றாமலும் இருக்க இந்தக் குளிர்விக்கும் கட்டம் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதையும் நம் கணக்கில் சேர்த்துவிட்டு, அறிவிப்பில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இரண்டாவது குறை இதைவிட மோசமானது: காய்ந்த சட்டையை எடுக்கக் கதவைத் திறந்தால் டிரம் நின்றுவிடுகிறது, திரையில் எண் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. கேட்டதற்கு, எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்று பணியாளர் தோளைக் குலுக்கினார்.

ஆகவே இங்கே போகிறவர்கள் நாணயங்களை ஒன்றொன்றாகப் போடாமல் மொத்தமாகப் போடுவது நல்லது. குளிர் நிமிடங்கள் கடைசியில் ஒரே ஒரு முறைதான் கழியும். ஜீன்ஸ், துவாலை போன்ற கனத்த துணிகளைத் தனியாகப் போட்டால் இடையில் கதவைத் திறக்கும் வேலையும் குறையும். துவைக்கும் எந்திரத்திலேயே கூடுதலாக ஒரு முறை பிழிய வைக்கும் வசதி இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் காசு ட்ரையரில் மிச்சமாகிவிடுகிறது. துவைக்கும் எந்திரங்களுக்கு ஐந்துக்கு நான்கும், ட்ரையர்களுக்கு இரண்டரையும் கொடுப்பேன். குளிர்விக்கும் நேரத்தையும் அந்த ஒட்டுத்தாளில் சேர்த்து அச்சிட்டால் இன்னொரு புள்ளி தரத் தயங்க மாட்டேன்.