எங்கள் தெருக் குழுவும் அழிக்கப்பட்ட ஒரு படமும்

மதுரை விளாங்குடியில் இருக்கும் நண்பர் தன் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கப் போகிறாராம். "நீ செல்லூர் குழுவுல ஆறு வருஷமா இருக்கியே, எப்படிப் போகுது?" என்று கேட்டார். போன வாரம் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

குழுவால் எனக்குக் கிடைத்த நன்மை கொஞ்சமில்லை. 2024 அக்டோபர் 25 மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததே, அன்று இரவு எந்தச் சந்தில் முழங்கால் அளவு, யார் வீட்டு மாடியில் இடமிருக்கிறது, கைக்குழந்தைக்குப் பால் எங்கே கிடைக்கும் என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் அம்மாவை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கி வந்த இரண்டு பையன்களும் அந்தக் குழுவில் செய்தி பார்த்து வந்தவர்கள்தான்.

நிர்வாகி அண்ணனையும் குறை சொல்லிவிட முடியாது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு ஆடியோ வந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். 2018-இல் அதே வதந்தியை நம்பித்தான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அதனால் அவர் அப்படி எடுக்கும்போதெல்லாம் நான் நன்றி சொல்லியிருக்கிறேன்.

ஆனால் போன புதன்கிழமை எதிர்வீட்டு அக்கா ஒரு படம் போட்டார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு லாரி பின்பக்கமாக நிற்கிறது. உடைந்த செங்கல், சிமெண்ட் மூட்டை, ஒரு பழைய கக்கூஸ் பீங்கான் எல்லாம் தண்ணீருக்குள் சரிகின்றன. லாரியின் முன்னால் ஒரு கட்சிக் கொடி. கீழே அக்கா எழுதியது ஒரே வரி: "இந்த வருசமும் தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும்." பத்து நிமிடத்தில் படம் காணோம். நிர்வாகி அழித்துவிட்டார் என்ற வரி மட்டும் இருந்தது. அதற்கு மேலே நகைச்சீட்டு விளம்பரம், கீழே இரண்டு காலை வணக்கம். அவை அப்படியே இருந்தன.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அக்கா படத்தை ஏன் எடுத்தீங்க?"

"தம்பி, கொடி தெரியுதுல்ல. கட்சிச் சண்டையாயிரும். நாளைக்குப் போலீசு வந்தா அட்மின் நான்தானே பதில் சொல்லணும்?"

அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2021 டிசம்பரில், மேலூர் ரோட்டில் இருக்கிற நம் உயர் நீதிமன்றக் கிளையே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறொருவர் போட்ட பதிவுக்காக நிர்வாகி மீதும் வழக்கு போட்டிருந்தார்கள். அவர் நிர்வாகியாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால், குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்றது நீதிமன்றம். அதையும் அண்ணனிடம் சொன்னேன். "கோர்ட்டு சொல்லும் தம்பி, ஸ்டேஷன்ல போய் நிக்கிறது யாரு?" என்றார்.

சரி, எடுத்ததுகூடப் போகட்டும். 'கொடி தெரிகிறது, அதை மறைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே? யார் அழித்தார் என்பதைச் செயலியே காட்டிவிடும். ஏன் என்பதை அழித்தவர்தான் சொல்ல வேண்டும். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. அக்கா அதற்குப் பிறகு குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வாசலில் என்னைப் பார்த்து, "நான் போட்டிருக்கக் கூடாதோ தம்பி?" என்று கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நண்பருக்கு என்ன சொல்ல? அந்த மழை இரவுக்காகவே தெருவுக்குத் தெரு இப்படி ஒரு குழு வேண்டும். ஆனாலும் இன்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நேற்று இரவு குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். இனி தண்ணீர் லாரி வந்தால், எதிர்வீட்டு அக்கா குரல் கொடுப்பார்.